லேப்டாப்புக்கு அடியில் வைத்த தோல்

ஆம்பூருக்குப் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனியின் சாம்பிள் ரூமில் நான் தோல் வெட்டிக்கொண்டிருந்தேன். படிப்பு ஐந்தாவது வரைதான். இரண்டாயிரம் பிறந்து ஏழெட்டு வருடம் ஆகியிருக்கும். டிசைன் போடுவதற்காகச் சென்னையிலிருந்து ஒரு மேடம் வந்து சேர்ந்திருந்தார். வயதில் என்னைவிட ரொம்பச் சின்னவர். ஆனாலும் அவர் முகத்தைப் பார்த்து நான் பேசியதில்லை. யாரிடம்தான் பேசினேன்!

அவரிடம் ஒரு லேப்டாப் இருந்தது. இரண்டு நோட்டுப் புத்தகத்தை அடுக்கிய தடிமன்தான். திரையைத் திருப்பிப் படுக்கவைத்தால் சிலேட்டு மாதிரி ஆகிவிடும். அதன் மேலேயே பேனாவால் வரைவார்.

அன்றைக்கு எங்களுக்கு ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டு பையர் வந்திருந்தார். மதியம் விமானம் பிடிக்கக் கிளம்புகிறவர். அதற்குள் பெண்கள் ஷூ ஒன்றின் படம் அவர் கைக்குப் போக வேண்டும். தோலின் நிறத்தைப் பார்த்து வரைவதற்காக மேடம் காலையிலிருந்து என் மேஜையில்தான் உட்கார்ந்திருந்தார். முதலாளி கேபினிலிருந்து கூப்பிடவும் அவசரமாக எழுந்தார்.

"அண்ணே, இன்னும் சேவ் பண்ணல. மூடிடாதீங்க, யாரையும் தொட விடாதீங்க."

நான் தலையாட்டினேன்.

அவர் போனதும் லேப்டாப் இரைய ஆரம்பித்தது. முதலில் கொசு மாதிரி. பிறகு மாவு மில் மாதிரி. கேபினுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு பிளைவுட் தடுப்புதான். உள்ளே பையர் பேசுவதே எனக்குக் கேட்டது. அப்படியானால் இந்த இரைச்சலும் அங்கே கேட்குமே.

பக்கத்து மெஷினில் தைத்துக்கொண்டிருந்த என் கூட்டாளி சிரித்தான். "இன்னா தோஸ்த், குக்கர் வச்சிருக்கியா? எத்தினி விசில்?"

எங்கள் ரூமில் தையல் மெஷின் மோட்டார் இரைந்தால் மெக்கானிக்கைத் தேட மாட்டோம். தோலை நாலாக மடித்து அடியில் செருகுவோம். அதிர்வு அடங்கி, சத்தம் பாதியாகும். இருபது வருடமாகக் கை பழகிய வேலை அது. மெத்தென்ற ஆட்டுத்தோல் ஒன்றை மடித்து லேப்டாப்புக்கு அடியில் கொடுத்தேன். சத்தம் ஏறியது. பத்தவில்லை என்று நினைத்து இன்னொன்றை எடுத்து, சுற்றிலும் ஓரத்தை அணைத்து வைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் சத்தம் சட்டென்று நின்றது. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

பிறகுதான் திரை கறுத்திருப்பதைக் கண்டேன். தூக்கப் போனவன் கையை உதறினேன். இஸ்திரிப் பெட்டி மாதிரி சுட்டது. அடுப்பும் இல்லை, நெருப்பும் இல்லை. இத்தனை மெல்லிசான பொருளுக்குள் இவ்வளவு சூடு எங்கே இருந்தது?

கூட்டாளி எட்டிப் பார்த்தான். அவன் முகமும் மாறிவிட்டது. "தோல உருவிடு. தானா நின்னு போச்சுன்னு சொல்லு. வேற ஒண்ணும் பேசாத."

உருவிவிட்டேன். மேடம் வந்தார். பட்டனை அமுக்கினார், ஊதினார், காத்திருந்தார். திரை வந்தது. ஷூ வரவில்லை.

"ஐயோ, காலைலேர்ந்து போட்டதெல்லாம் போச்சே!"

கண் கலங்கிவிட்டது அவருக்கு. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு பேப்பரை இழுத்து, பென்சிலால் முதலிலிருந்து வரைய ஆரம்பித்தார். நான் எதிரில் நின்றேன். அந்தப் பென்சில் போன வேகம் இன்னும் எனக்குள் இருக்கிறது.

அவர் முடிப்பதற்குள் முதலாளியே வெளியே வந்துவிட்டார். "இன்னா மேடம் இது, பேப்பரா? கம்ப்யூட்டர்ல கலரோட காட்டறோம்னு அவர்கிட்ட சொல்லிட்டேனே. காலைலேர்ந்து இன்னாதான் பண்ணீங்க? இத்தினி பேருக்கு முன்னாடி என் மானத்த வாங்கணுமா?"

"சாரி சார். மெஷின் சூடாயி ஆஃப் ஆயிடுச்சு. சேவ் பண்ணாம போனது என் தப்புதான்."

"நான்தான் பண்ணேன்" என்று ஒரு குரல் கேட்டது. என் குரல்தான். கூட்டாளி மெஷினை நிறுத்திவிட்டான். "சத்தம் ஜாஸ்தியா இருந்துச்சு சார். அடியில தோல மடிச்சு வச்சேன். அவங்க மேல தப்பு இல்ல."

முதலாளி என்னை வெறித்தார். "நீயா பேசற?"

மேடம் ஓரத்தில் கிடந்த ஆட்டுத்தோலை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். சூடு ஆறியிருக்கவில்லை. "கீழதாண்ணே அது காத்து இழுக்குது. மூச்சையே அடைச்சிட்டீங்களே" என்றார்.

அந்த நேரத்தில் பையர் வெளியே வந்தார். பேப்பரை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். ஷூவின் முன்முனையைக் காட்டி ஏதோ கேட்டார். மேடம் அங்கேயே ரப்பரால் அழித்துக் கூராக்கிக் கொடுத்தார். பையர் அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். முதலாளி வழியனுப்பக் கூடவே போனார்.

கார் கேட்டைத் தாண்டியது. அதன் பிறகுதான் மேடம் முகத்தைப் பார்த்து, "மன்னிச்சிடுங்க மேடம்" என்றேன்.