சுண்ணாம்புத் தண்ணீருக்கு ஒரு கை

ரோசரி அக்கா கண்ணாடித் தொட்டிகளில் வைக்கும் நீர்ச்செடிகளை வளர்த்து வண்ணமீன் கடைகளுக்குக் கொடுக்கிறார். தைப்பிங் பக்கத்து ரப்பர் தோட்டம் வீட்டுமனையானபோது அங்கே அவர் பார்த்த வேலை போனது; மழைத்தண்ணீர் பிடித்து வளர்க்க ஆரம்பித்தார். மகள் ஷார்மேனுக்கு ஈப்போவில் வேலை கிடைத்ததும் தொட்டிகளோடு வந்து, சுண்ணாம்புக் குன்றின் அடியில் இடம் பிடித்தார். செடி கழுவிக் கட்ட என்னைச் சேர்த்துக்கொண்டார். நான் அதிகம் பேசமாட்டேன். என் பங்கையும் அவரே பேசிவிடுவார்.

குன்றடியில் நல்ல ஊற்று. "இனிமே மழைய பாத்து நிக்க வேணாம்லா" என்று குழாய் போட்டார். கொஞ்ச நாளில் கொழுந்துகள் வெளுத்தன. நரம்பு மட்டும் பச்சை.

ஈப்போவின் சிலிபின் பகுதியில் மீன் கடை வைத்திருக்கும் தீபன் பார்க்க வந்தார். அவருடைய புதுக் கடைத் திறப்புக்கு வாசல் தொட்டி முழுக்க அக்காவின் செடி என்று பேச்சு.

"என்னாக்கா, செடிக்கெல்லாம் மஞ்சத்தண்ணி ஊத்திட்டீங்களா? சடங்குக்குச் சொல்லவே இல்ல!"

"சொன்னா நீ சீரு கொண்டாரணும். பாவம்னு விட்டுட்டேன்."

சிரித்துவிட்டு அவர் சொன்னார்: "திறப்புக்குள்ள பச்சை வரலன்னா பினாங்குலேருந்து எடுத்துருவேன். கோவிச்சுக்காதீங்க."

தீபன் கைவிட்ட செடியை ஈப்போவில் வேறு கடைக்காரர் தொடமாட்டார். அக்காவுக்கு அது தெரியும்.

ரப்பர் தோட்டத்தில் இலை வெளுத்தால் இன்னும் கொஞ்சம் உரம் போடுவார்கள். அக்காவும் வழக்கமாக ஊற்றும் இரும்புச்சத்து மருந்தைக் கூட்டி ஊற்றினார். கொழுந்து தேறவில்லை. தொட்டி அடியில் செம்மண்போல் ஏதோ படிந்திருந்ததை விரலில் எடுத்துக் காட்டினேன்.

"துருலா இது! நம்ம ஊத்துறத செடி சாப்பிடல. கீழ போய் உக்காந்துக்குது."

உடனே இரண்டு வாளி வைத்தார். ஒன்றில் மழைத்தண்ணீர், மற்றதில் ஊற்றுத் தண்ணீர். ஒரே செடி, ஒரே மருந்து. மழைத்தண்ணீரில் மட்டும் கொழுந்து பச்சையாக வந்தது.

வெறும் இரும்பு தண்ணீரில் துருவாகிவிடும். அதனால் அதைப் பிடித்துவைக்கும் ஒரு பொருளோடு சேர்த்து விற்கிறார்கள். அந்தப் பொருளை அக்கா 'கை' என்றுதான் சொல்வார். பழைய மருந்தின் கை, குன்றின் சுண்ணாம்பு கரைந்த ஊற்றுத் தண்ணீரில் நழுவிவிடுகிறது என்று புரிந்துகொண்டு, மருந்து விற்பவருக்குப் போன் போட்டார்.

"அண்ணே, சுண்ணாம்புத் தண்ணிக்கு உள்ள கை இருக்கா?"

எந்தக் கை என்று இரண்டு தரம் கேட்டுவிட்டு, "டி.டி.பி.ஏ. கேக்குறீங்களாக்கா?" என்றார் அவர்.

"பேரு என்னமோ இருக்கட்டும். புடிச்சா விடக்கூடாது."

புது மருந்தில் கொழுந்து பச்சையாகத் துளிர்த்தது. பழைய இலை வெளுத்தபடியே நின்றது. திறப்புக்கு முதல்நாள் தீபன் வந்தபோது, பச்சை நுனிகளை மட்டும் கிள்ளிக் கட்டிப் பெட்டியில் வைத்திருந்தோம்.

"பாதித் தொட்டிக்குத்தானே வரும்?"

"வெளுத்தத குடுக்கமாட்டேன். இது உன் தொட்டியிலேயே வளந்து ரொப்பும்."

"அதுவரைக்கும்?"

"கல்லு வையி. ஈப்போவுல கல்லுக்கா பஞ்சம்? சுண்ணாம்புக் கல்ல மட்டும் வச்சிராத."

தீபன் ஒரு செடிக்கட்டைப் பிரித்து வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு பெட்டியைத் தூக்கி வேனில் ஏற்றினார்.