கொக்கு விமானத்தின் மஞ்சள் பொட்டலம்

ஜியான் யூ-தாங் என்னிடம் பேசிய முதல் பேச்சே ஒரு சந்தேகம்தான். "அக்கா, இந்த முட்டை இன்னைக்கு அவிச்சதா?" என்று கேட்டான். பசியோடு உட்கார்ந்திருக்கிறானே என்று இரக்கப்பட்டு, என் காசில் ஒரு சாப்பாட்டுப் பெட்டி வாங்கிக் கொடுத்திருந்தேன். நன்றி சொல்வதை விட்டுவிட்டு முட்டையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்துகொண்டிருந்தான். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. போய்க் கோழியைக் கேள் என்றேன்.

தைபேயின் சொங்ஷான் விமான நிலையத்தில் தனி விமானங்கள் வந்து போகிற சின்னக் கட்டடம் ஒன்று உண்டு. அதில் முகப்பு மேசை என்னுடையது. அவன் அப்போது தைதுங்கிலிருந்து தீவுகளுக்குச் சின்ன விமானம் ஓட்டிக்கொண்டிருந்தான். தீவில் யாருக்காவது உடம்பு ரொம்ப முடியாமல் போனால், தைபேய்க்குத் தூக்கிக்கொண்டு வருவது அவன் வேலை. நோயாளி ஆம்புலன்ஸில் போன பிறகு காகிதங்கள் முடிகிற வரைக்கும் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருப்பான். அப்படித்தான் பழக்கம்.

அவனைப் போல ஒரு சந்தேகப் பிராணியை நான் பார்த்ததில்லை. விமானத்துக்கு எண்ணெய் ஊற்றுகிறவர் அளவு சொன்ன பிறகும் இவன் ஏணி போட்டு ஏறி, குச்சியை விட்டுப் பார்ப்பான். பயணி ஐம்பத்தைந்து கிலோ என்று சொன்னால் ஏற இறங்கப் பார்த்துவிட்டு அறுபத்திரண்டு என்று எழுதிக்கொள்வான். அவன் மனைவி பெய்-சி ஒருமுறை என்னிடம் புலம்பினாள், மீன் பொரித்து வைத்தால் எந்தக் கடை, எத்தனை மணிக்கு வாங்கியது என்று விசாரித்த பிறகுதான் கை வைப்பானாம். ஒன்று சொல்ல வேண்டும். விமானம் ஓட்டுகிறவனுக்கு அது நோய் இல்லை. அவன் தூக்கி வந்த நோயாளிகள் எல்லோரும் பத்திரமாக வந்து சேர்ந்தார்கள்.

அவனுக்கு முப்பத்திரண்டு வயதானபோது அந்தச் சின்ன விமான வேலை முடிவுக்கு வந்தது. கையில் இரண்டு கடிதங்கள் இருந்தன. ஒன்று பெரிய ஏர்லைன் ஒன்றிலிருந்து, இன்னொன்று எங்கள் கட்டடத்திலேயே விமானம் நிறுத்தியிருந்த ஒரு தனி விமானக் கம்பெனியிலிருந்து. வாலில் கொக்குப் படம் போட்டிருப்பார்கள் என்பதால் எங்களுக்கெல்லாம் அது கொக்குக் கம்பெனி. இரண்டு பேருமே அடுத்த திங்கட்கிழமைக்குள் பதில் கேட்டிருந்தார்கள்.

ஏர்லைனில் மனிதனின் பெயரைவிட வரிசை எண் பெரிது. சேருகிற அன்று ஓர் எண் விழும், ஓய்வு பெறுகிற வரை அதுதான் தலையெழுத்து. எப்போது கேப்டன் ஆவாய், புத்தாண்டுக்கு வீட்டில் இருப்பாயா, ஆள் குறைத்தால் முதலில் யார் வெளியே போவார், எல்லாமே அந்த எண்ணைப் பொறுத்தது. இவன் சேர்ந்தால் ஆகக் கடைசி. கேப்டனாகப் பத்து வருஷம் பிடிக்கும். கொக்குக் கம்பெனியிலோ இரண்டே வருஷம். சம்பளமும் கூட. ஆனால் போன் அடித்தால் நாலு மணி நேரத்தில் கிளம்ப வேண்டும். துணை விமானிதான் கோல்ஃப் பைகளைத் தூக்கி வைப்பான், ஐஸ் வாங்கி வருவான், இறங்கிய பிறகு காப்பிக் கோப்பைகளையும் கழுவி வைப்பான்.

பெய்-சி அப்போது ஆறு மாத கர்ப்பிணி. மாமியார் வீட்டில் ஒரு அறைக்குள் அடைந்து கிடந்தாள். கொக்குக் கம்பெனிக்குப் போனால் உடனே தனி வீடு எடுக்கலாம். அவளுக்கு இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. அவனுக்கு யோசிக்க ஆயிரம் இருந்தது.

ஏன் இவ்வளவு நல்ல சம்பளம்? ஏன் இவ்வளவு அவசரம்? அந்தக் கம்பெனி மேனேஜர் தேங் அம்மாள் தேனாகப் பேசுவாள். அந்தத் தேன்தான் அவனுக்கு ஆகவில்லை. நேர்முகத்தில் கேப்டன் ஷிங் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்து, விமானத்தைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லையாம். நாய் என்றால் பயமா, இஞ்சி டீ போடத் தெரியுமா என்று கேட்டாராம். எல்லாவற்றுக்கும் மேலே, முன்பிருந்த துணை விமானி எட்டே மாதத்தில் போய்விட்டான். கல்யாணம் ஆகி கவ்ஷியுங்குக்குப் போய்விட்டான் என்று தேங் அம்மாள் சொன்னாள். ஜியான் விசாரித்துப் பார்த்தான். அந்தத் துணை விமானிக்குக் கல்யாணமே ஆகவில்லை.

அந்த வாரம் முழுக்க அவன் எங்கள் கட்டடத்தையே சுற்றினான். வேலிக்கு வெளியே நின்று கொக்கு விமானத்தின் டயரைப் பார்த்தான். தரையில் இருந்த எண்ணெய்க் கறையைப் படம் எடுத்து, அடுத்த நாள் அதே இடத்தில் நின்று இன்னொரு படம் எடுத்தான். காவலாளி இரண்டு முறை என்னிடம் வந்து, அந்த ஆள் திருடனா என்று கேட்டார். கடைசியில் நேராக என்னிடமே வந்தான்.

"அக்கா, அந்த ஆள் எதுக்குப் போனான்?"

எனக்குத் தெரியும். கோப்பை கழுவுவது அவனுக்குக் கௌரவக் குறைச்சலாக இருந்தது. ஒருநாள் முதலாளியின் நாய்க்குத் தண்ணீர் வைக்கச் சொன்னதும் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்விட்டான். விஷயம் அவ்வளவுதான். தேங் அம்மாள் வெளியே சொல்ல வெட்கப்பட்டு ஒரு கல்யாணக் கதையைக் கட்டிவிட்டாள். ஆனால் எங்கள் மேசையில் ஒரு சட்டம் உண்டு. இங்கே பார்த்ததும் கேட்டதும் வாசல் தாண்டக் கூடாது. கையெழுத்துப் போட்டிருக்கிறேன். யார் யாரோடு வந்தார் என்று ஒரு வார்த்தை உளறியதற்காக, என்னோடு வேலை பார்த்தவள் அன்றைக்கே வீட்டுக்குப் போனாள்.

"எனக்கு என்னப்பா தெரியும்" என்றேன்.

"விமானம் எப்படிக்கா?"

"வெள்ளையா இருக்கு."

என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டுப் போனான்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை புயல் கரையைக் கடக்கிறது என்று அறிவித்துவிட்டார்கள். கடைகளில் நூடுல்ஸ், ரொட்டி, தண்ணீர் எல்லாம் துடைத்து எடுத்தது போலக் காலியாகிக் கிடந்தன. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல், விமானங்களைக் கட்டி வைக்கிற வேலையில் அல்லாடிக்கொண்டிருந்தேன். மூலைக் கடையில் மிச்சமிருந்தது ஒரே ஒரு சோளப் பொரிப் பொட்டலம், மஞ்சள் உறை போட்டது. வயிற்றுக்கு ஏதாவது போட்டால் போதும் என்று அதை வாங்கி வந்தேன்.

எங்கள் ஊரில் கணினி, லிஃப்ட், மருத்துவமனை இயந்திரம் எதுவானாலும் அதன் பக்கத்தில் பச்சை உறைச் சோளப் பொரிப் பொட்டலம் ஒன்று வைப்பார்கள். சமர்த்தாக இரு என்று இயந்திரத்துக்குச் சொல்வதுதான் அது. பச்சையாக இருக்க வேண்டும், தேதி தாண்டக் கூடாது, பிரித்துத் தின்னக் கூடாது. மஞ்சளையோ சிவப்பையோ கனவில்கூட வைக்க மாட்டார்கள், இயந்திரம் முரண்டு பிடிக்கும். என் மேசைக்குப் பின்னால் விமானத்துக்கு ஒன்றாக மரப்பெட்டித் தட்டு இருந்தது. ஒவ்வொன்றிலும் சாவிப் பையும், பதிவுப் புத்தகமும், ஒரு பச்சைப் பொட்டலமும் இருக்கும். கொக்கு விமானத்தின் பொட்டலம் தேதி தாண்டிவிட்டதால் முந்தின நாள்தான் எடுத்து வீசியிருந்தேன். புயலால் புதியது கிடைக்கவில்லை. பொரியோடு உள்ளே நுழைந்தேன், போன் அடித்தது. கையில் இருந்ததைக் காலியான இடத்தில் வைத்துவிட்டு ஓடினேன். அது கொக்கின் தட்டு.

போன் பேசி முடித்துத் திரும்பினால், ஜியான் நிற்கிறான். மழையில் தொப்பலாக நனைந்திருந்தான். என்னைப் பார்க்கவில்லை, தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆறு பச்சை, ஒரு மஞ்சள். அவன் முகம் வெளுத்திருந்தது. என்னைப் பார்த்து மெதுவாக ஒரு முறை தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான். புயல் பயம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, பொட்டலத்தைப் பிரித்துத் தின்றேன்.

திங்கட்கிழமை அவன் ஏர்லைனில் கையெழுத்துப் போட்டான். ஒரு மாதம் கழித்து எனக்கு ஒரு அட்டைப் பெட்டி வந்தது. உள்ளே இருபது பச்சைப் பொட்டலங்கள், ஒரு சீட்டு. "அக்கா, நீங்கள் வாயால் சொல்ல முடியாது என்று தெரியும். புரிந்தது. இந்த நன்றியை மறக்க மாட்டேன்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மத்தியானம் பெட்டித் தட்டைத் துடைக்கும்போதுதான் உறைத்தது. அந்த மஞ்சள் பொட்டலத்தை நான் வேண்டுமென்றே வைத்த எச்சரிக்கை என்று அவன் எடுத்துக்கொண்டிருக்கிறான். அன்றைக்கே போன் பண்ணிச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஏன் என்று கேட்டால், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குப் பெருமையாக இருந்தது. உலகத்தில் யாரையும் நம்பாத ஒருவன் என்னை நம்பியிருக்கிறான். ஏர்லைன் ஒன்றும் மோசமான இடமில்லையே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கொக்குக் கம்பெனியில் அந்த இடத்துக்குத் துங் என்ற பையன் வந்தான். சிரித்துக்கொண்டே கோப்பை கழுவினான், நாயோடு விளையாடினான். சொன்னபடியே இரண்டு வருஷத்தில் கேப்டன் ஆனான். விமானத்துக்கு ஒரு கீறல்கூட விழவில்லை.

அப்புறம் உலகத்தையே முடக்கிய அந்த நோய் வந்தது. எல்லைகள் அடைபட்டன. ஏர்லைன்கள் கடைசி எண்ணிலிருந்து ஆட்களைச் சம்பளமில்லாமல் வீட்டுக்கு அனுப்பின. எங்கள் கட்டடத்திலோ முன்பைவிட இரண்டு மடங்கு வேலை. பணம் இருக்கிறவர்கள் கூட்டத்தோடு பறக்கப் பயந்து தனி விமானம் தேடினார்கள். துங் வாரத்துக்கு நாலு முறை பறந்தான். ஜியானுக்கு எப்படியோ என்று நினைப்பு வரும். போனைக் கையில் எடுப்பேன், திரும்ப வைத்துவிடுவேன்.

ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டுக்குப் போனில் ஆர்டர் போட்டேன். நல்ல மழை. மழைச்சட்டை போட்ட ஒருவன் ஸ்கூட்டரிலிருந்து இறங்கி, வாசலில் பெட்டியை நீட்டினான். முகமூடிக்கு மேலே கண்ணைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"முட்டை இன்னைக்கு அவிச்சதுதான்க்கா. பாத்துட்டேன்" என்றான்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. பிடித்து இழுத்து உள்ளே உட்கார வைத்து, டீ போட்டுக் கொடுத்தேன். பத்து மாதமாக ஸ்கூட்டர் ஓட்டுகிறானாம். குழந்தைக்கு மூன்று வயது. இன்னும் அவன் அம்மா வீட்டில், அதே ஒற்றை அறையில்தான் இருக்கிறார்கள். பெய்-சி தினமும் ஒரு கேள்வி கேட்கிறாளாம். கொக்கு விமானத்தில் அப்படி என்னதான் குறை என்று. பதில் சொல்ல முடியவில்லை, அவள் இப்போதெல்லாம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, அப்பா வீட்டுக்குப் போய்விடுவதாகச் சொல்கிறாள் என்றான். ஜன்னலுக்கு வெளியே கொக்கு விமானம் கிளம்பிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்குள் துங் எனக்குக் கை காட்டினான். ஜியானும் பார்த்தான்.

"இப்பவாவது சொல்லுங்கக்கா. அதுல என்ன இருந்துச்சு? ஒரே ஒரு காரணம் போதும். அவகிட்ட சொல்லிட்டுப் போறேன்."

வேலை போனாலும் போகட்டும் என்று தீர்மானித்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். புயல், காலிக் கடை, என் பசி, போன், தட்டு, பொட்டலத்தைப் பிரித்துத் தின்றது வரை. கோப்பை கழுவப் பிடிக்காமல் போனவன் கதையையும் சொன்னேன். "அந்த விமானத்துல ஒரு குறையும் இல்லடா தம்பி. தப்பு முழுக்க என்னோடது. அடிக்கணும்னா அடி" என்றேன்.

அவன் டீயைக் குடித்து முடித்தான். கோபப்படவில்லை. மெல்லச் சிரித்தான்.

"உங்களுக்கு வேலை முக்கியம்க்கா. எனக்குப் புரியுது. நீங்க சொல்ல மாட்டீங்க."

"சத்தியமா சொல்றேன்டா."

"எல்லாரையும் சந்தேகப்பட்டிருக்கேன். உங்களை மட்டும் பட்டதில்ல. மொதத் தடவையா இன்னைக்குத்தான் நீங்க எங்கிட்ட பொய் சொல்றீங்க. பசிச்சா வேற கடை இல்லையா? ஏழு தட்டுல அந்தத் தட்டுதான் கெடைச்சுதா?" எழுந்து மழைச்சட்டையின் பொத்தானைப் போட்டான். "இவ்வளவு கஷ்டப்பட்டு மறைக்கிறீங்கன்னா, பெரிய விஷயமாத்தான் இருக்கணும்."

வாசல் வரை பின்னாலேயே போய் மன்றாடினேன். கேட்கவில்லை. அடுத்த ஆர்டர் காத்திருக்கிறது என்று ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் காலை பெய்-சி போன் பண்ணினாள். திட்டத்தான் போகிறாள், வாங்கிக்கொள்ளலாம் என்று எடுத்தேன்.

"லுவோ அக்கா, நீங்க அழுது சத்தியம் பண்ணி மறுத்தீங்கன்னு சொன்னார். அப்பவே எனக்கு விளங்கிருச்சு. இத்தனை நாள் அந்த மனுசனை நான் படுத்தின பாடு. அவர் உசுரோட இருக்கிறதே உங்களாலதான். இனிமே அவரை ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்." பின்னால் குழந்தை அப்பா அப்பா என்று கத்துவதும், ஜியான் ஏதோ சொல்லிச் சிரிப்பதும் கேட்டது.

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்புறம், குழந்தையைப் பள்ளியில் சேர்த்தாயிற்றா என்று கேட்டேன்.