நண்டு கேசட்டின் திறப்பு விழா

எங்கள் பேராசிரியருக்கு எதையும் திறந்து வைத்தாக வேண்டும். புது ஃபேன் மாட்டினால் ரிப்பன், தண்ணீர் கேனுக்கு ஸ்டாண்டு வந்தால் அதற்கும் ரிப்பன். விலங்கியலில் அவர் என்ன கண்டுபிடித்தார் என்று கேட்டால் துறையில் ஒருவருக்கும் தெரியாது. கத்தரிக்கோல் எந்த டிராயரில் இருக்கிறது என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

அவரிடம் நான் ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன். பிள்ளைச்சாவடிக் கடற்கரையில் பொழுது சாயும்போது மணல் நண்டுகள் எப்போது வளையை விட்டு வெளியே வருகின்றன என்பது என் ஆய்வு. ஞாயிறு சாயங்காலச் சர்ச் பூசையைக்கூட விட்டுவிட்டு, அதற்கு அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, மணலில் வீடியோ கேமராவை நட்டுவிட்டுத் தள்ளி உட்கார்ந்திருப்பேன். ஆள் நடமாட்டம் இருந்தால் நண்டு தலைகாட்டாது. நாய் வந்து கெடுத்த நாள், மழை கெடுத்த நாள் எல்லாம் போக, ஒரே ஒரு மாலை பழுதில்லாமல் கிடைத்தது. அந்த ஒரு கேசட்டை நம்பித்தான் என் பட்டம் இருந்தது.

கேமராவைக் கம்ப்யூட்டரோடு இணைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஒயரின் ஒரு முனை பொருந்தினால் மறுமுனை பொருந்தாது. பொருந்தினால் படம் வராது. ஒருநாள் வந்தது. திரையில் நண்டுகள் ஓடின. அவற்றை எண்ண ஒரு புரோகிராம் வைத்திருந்தோம். படத்தில் எது அசைந்தாலும் நண்டு என்று எண்ணி கிராப் போடும். அதற்கு அவ்வளவுதான் புத்தி. மெஷினை நான் குறை சொல்லவில்லை.

அதுவரை எட்டிப் பார்க்காதவர் அன்று வந்து நின்றார். "இத சும்மா வுட்றக் கூடாதும்மா. பெரியவரு ஒருத்தரக் கூட்டியாந்து பட்டன அமுக்க வைக்கணும்."

"அதுக்குள்ள கேசட்ட கம்ப்யூட்டர்ல ஏத்திடறேன் சார்."

"முன்னாடியே ஓட்டிட்டா அப்புறம் அது என்னா திறப்பு விழா?"

நண்டுகள் வெளியே வரும் இடத்தில் கேசட்டை நிறுத்தி வைக்கச் சொன்னார். வைத்தேன். கேசட்டில் சின்னப் பூட்டு ஒன்று உண்டு. அதைத் தள்ளிவிட்டால் மேலே வேறெதுவும் பதியாது. அதையும் தள்ளி வைத்தேன். ஒத்திகையில் அவர் பதிவு செய்யும் சிவப்புப் பட்டனை அமுக்கியதும் பூட்டிய கேமரா பீப் பீப் என்று கத்தியது. விழாவுக்கு வரும் தலைவர் அமுக்கும்போது இப்படிக் கத்தினால் அபசகுனமாம். நான் வீட்டுக்குப் போனபின் பூட்டைத் திறந்துவிட்டார். இவ்வளவும் கடல் உயிரியலில் டாக்டர் பட்டம் வாங்கிய மனிதர்!

விழா அன்று என்னை வாசலில் சந்தனத் தட்டோடு நிறுத்தினார்கள். பெண்கள்தான் நிற்க வேண்டுமாம். பேராசிரியர் தலைவருக்குக் குனிந்து 'போன்ழூர்' என்று பிரெஞ்சில் ஒரு வணக்கம் சொல்லி அவரை உள்ளே கூட்டிப் போனார். முதலில் திரையில் தலைவர் முகம் தெரிய வேண்டும், நண்டு பிறகு. இது இவருடைய ஏற்பாடு. தலைவர் சிவப்புப் பட்டனை அமுக்கினார். அவர் முகம் திரையில் வந்தது. கைதட்டல்.

கைதட்டல் கேட்டு உள்ளே ஓடினேன். திரையின் மூலையில் சிவப்புப் புள்ளி.

"சார், ரெக்கார்டு ஆவுது! நிறுத்துங்க சார்!"

"ஆவட்டும்மா. நெனப்பா இருக்கும்ல."

எல்லோரும் சிரித்தார்கள். சால்வை விரிந்தது. நாற்காலிகளையும் போட்டோ எடுக்கிறவரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு நான் கேமராவை அடைந்து அணைப்பதற்குள் நண்டுகள் வெளியே வரும் அந்தச் சில நிமிடங்கள் முழுக்க அழிந்துவிட்டன. கையிலிருந்த தட்டைப் பேராசிரியர் தலையில் கவிழ்த்திருக்க வேண்டும். மேசையில் வைத்துவிட்டு வெளியே போய் அழுதேன்.

மறுபடி படம் பிடிக்கலாம் என்று போனால், கடல் அரிப்பைத் தடுக்க அந்தக் கரை நெடுகப் பாறாங்கல் கொட்டியிருந்தார்கள். மணலும் இல்லை, வளையும் இல்லை.

அவர் அசரவில்லை. அதே கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஓட்டி, புரோகிராம் போட்ட கிராப்பை எடுத்து வந்து காட்டினார். நடுவில் பெரிய மேடு.

"பாத்தியாம்மா, எல்லாம் ஒரே நேரத்துல கெளம்புது!"

"அது நண்டு இல்ல சார். நீங்க சால்வ போட்டது."

கிராப்பை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். "வெட்டுனா நடுவுல ஓட்டை தெரியும்மா. இருக்கட்டும்."

அந்த மேட்டோடு ஒரு கட்டுரை எழுதி, கருத்தரங்கில் வாசித்து, அங்கேயும் ஒரு சால்வை வாங்கி வந்தார். என் பெயரைப் போடக்கூடாது என்று சண்டை போட்டு எடுக்க வைத்தேன். பட்டத்துக்கு வேறு கரை தேடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

போன மாதம் ஒரு ஆராய்ச்சி மாணவி போன் செய்தாள். அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு, அங்கே வேலை செய்தவர் யார் என்று விசாரித்து என்னைப் பிடித்திருக்கிறாள். எந்தக் கரையில் நண்டு எண்ணினாலும் அந்த மேடு அவளுக்குக் கிடைக்கவில்லையாம். நடந்ததைச் சொன்னேன்.

"அப்ப பிள்ளைச்சாவடி நண்டு நெஜமா எப்பதான் மேடம் வெளிய வரும்?"

"தெரியாதும்மா. கேசட்ல அதப் பதிஞ்ச எடத்துல இப்ப எங்க சார்தான் கை தட்டிக்கிட்டிருக்காரு."