காது டாக்டரின் புது டிஸ்க்

ஹார்ட் டிஸ்கை ஒரு காதோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, மறு காதை உள்ளங்கையால் பொத்திக்கொள்கிறார். தெருவில் போகும் லாரியின் சத்தம் அடங்கும்வரை வாய் திறப்பதில்லை. பிறகு தீர்ப்பு வருகிறது. "இருமுது சார். எப்ப வேணா படுத்துரும். அதுக்குள்ள உள்ள இருக்கிறத வெளிய எடுத்துரலாம்."

இதனால்தான் தெருவில் அவருக்குக் 'காது டாக்டர்' என்று பெயர். பழைய லேப்டாப்களைப் பழுது பார்க்கிறார். மாடிப்படிக்குக் கீழே சரிந்த கூரையுள்ள அறைதான் கடை. நிமிர்ந்தால் தலை இடிக்கும் என்பதால் வெளியே வந்த பிறகும் குனிந்தே நடப்பார். பக்கத்துச் சாவிக்கடைக்காரர், "டாக்டருக்கு ஊசி போடத் தெரியாது, பயமுறுத்தத்தான் தெரியும்" என்று சீண்டுவார். "உன் சாவி தொலைஞ்சா கதவ உடைக்கலாம். இது தொலைஞ்சா எத உடைப்ப?" என்பது டாக்டரின் பதில்.

லேப்டாப்பைத் திறப்பதற்கு முன் அட்டை ஒன்றில் அதன் உருவத்தை வரைந்துகொள்கிறார். கழற்றும் ஒவ்வொரு திருகாணியையும் படத்தில் அதனதன் இடத்தில் குத்தி வைக்கிறார். குட்டை ஆணி இருந்த இடத்தில் நெட்டை ஆணியை முடுக்கினால் உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகையில் ஓட்டை விழுந்துவிடுமாம். செத்துக்கொண்டிருக்கும் டிஸ்கிலிருந்து மீட்ட கோப்புகளை மேல்தட்டு, நடுத்தட்டு, கீழ்த்தட்டு என்று பெயரிட்ட மூன்று கோப்புறைகளில் போட்டுத் தருவார். அவசரத்துக்கு வேண்டியது மேல்தட்டில், தொடவே வேண்டாதது கீழ்த்தட்டில். அலமாரி மாதிரி வைத்தால்தான் மனிதனுக்குப் புரியும் என்பது அவர் கட்சி. நகல் எடுத்து வைக்காதவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. "நம்பிக்கைய எல்லாம் கல்யாணத்துக்கு வெச்சுக்கங்க. டிஸ்குக்கு ரெண்டு நகல் வேணும்" என்று வயது பார்க்காமல் திட்டுவார்.

போன மாதம் திட்டு வாங்கியவன் நான். எங்கள் குடியிருப்பின் தண்ணீர் அளவுகளும் பழுதுக் கணக்குகளும் என் பழைய லேப்டாப்பில்தான் இருக்கின்றன. அவற்றை முதலில் வேறிடத்தில் பத்திரப்படுத்திவிட்டு, மொத்த வியாபாரியிடமிருந்து வந்த புது டிஸ்கின் உறையைக் கிழித்தார். லேப்டாப்பில் பொருத்தவில்லை. தம் கணினியில் செருகி, அழிந்த கோப்புகளைத் தேடும் மென்பொருளை அதன்மேல் ஓடவிட்டார். புதியதில் என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டேன். பழையதைத் துடைத்துப் புதிது என்று விற்கிறவர்கள் பெருகிவிட்டார்களாம். எட்டிப் பார்க்காமல் கிணற்றில் இறங்க மாட்டாராம்.

திரை வெறுமையாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் ஒரு வரி வந்தது. பிறகு மளமளவென்று வந்தன. மேல்தட்டு. நடுத்தட்டு. கீழ்த்தட்டு. அவற்றுக்கு மேலே, 'டீச்சரம்மா கோர்ட்டுக்கு'.

டாக்டர் முகத்தில் ஈயாடவில்லை. தட்டுப் பெயர் வைப்பவர் உலகத்தில் அவர் ஒருவர்தானே. அதற்குள் ஒரு படமும் சின்னதாக விரிந்துவிட்டது. ஒரு பெண்ணின் மேல்கை. அதில் கன்றிப்போன ஊதாத் தடிப்பு. அதன் பக்கத்தில், நீளம் தெரியும்படி, பள்ளிக்கூட அளவுகோல். டாக்டர் திரையை அணைத்துவிட்டார்.

பிறகு டாக்டர் சொன்னார். கணவனைப் பிரிந்து வந்த ஓர் ஆசிரியை வழக்குக்காக எடுத்த படங்கள் அவை. அடுக்கிக் கொடுத்தவர் இவர். வழக்கு முடிந்ததும் ஆசிரியை அந்த டிஸ்கைக் கொண்டுவந்து, இனி யார் கண்ணிலும் படக்கூடாது, அழிக்கும்வரை இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன் என்றிருக்கிறார். முழுமையாக அழிக்க ஒரு பகல் ஆகும். மேலோட்டமாக அழிக்க ஒரு நொடி போதும். பார்வைக்குக் காலியாகிவிடும், உள்ளே எல்லாம் அப்படியே கிடக்கும். அன்றைக்குக் கடையில் கூட்டம். கவலைப்படாமல் போங்கள் என்று அனுப்பிவிட்டு, ஒரு நொடி வேலையைச் செய்து, டிஸ்கைக் கழிவுப் பெட்டியில் போட்டுவிட்டார். பழைய சாமான்காரரிடம் போன டிஸ்க் எத்தனை கை மாறியதோ, புது ஒட்டுத்தாளுடன் அவரிடமே வந்துவிட்டது.

"சார்," என்றார் என்னைப் பார்க்காமல். "நீங்க இதப் பாக்கலைன்னு வெச்சுக்கலாமா?"

பார்த்ததைப் பார்க்கவில்லை என்று வைத்துக்கொண்டு எனக்குப் பழக்கமில்லை என்றேன். அங்கேயே அழித்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை என்பது எங்கள் இருவருக்குமே தெரியும். கைப்பேசியை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். ஆசிரியையின் எண்ணைத் தட்டினார்.

ஆசிரியை பள்ளிக்கூடத்திலிருந்து நேராக வந்தார். தோள்பையில் திருத்தாத விடைத்தாள்கள் துருத்திக்கொண்டிருந்தன. முக்காலியைக் காட்டினோம், உட்காரவில்லை. டாக்டர் தலையைக் குனிந்துகொண்டு நடந்ததை ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். ஆசிரியை கத்தியிருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"யார் யார் பாத்தாங்க?"

"இன்னிக்கு நாங்க ரெண்டு பேரும்மா. ஒரே ஒரு படம். நடுவுல யாரு கையில இருந்துச்சுன்னு... அது எனக்குத் தெரியல."

"என் புருஷன் கையில கெடச்சிருந்தா?"

டாக்டர் அட்டையில் குத்தியிருந்த ஒரு திருகாணியை இன்னும் அழுத்திக் குத்தினார்.

"நான் உக்காந்திருக்கேன்னுதானே சொன்னேன் அன்னிக்கு."

"ஆமாம்மா. நான்தான் போகச் சொன்னேன்." டிஸ்கைக் காட்டி, "இப்ப முழுசா அழிச்சுடறேன். பக்கத்துலயே இருந்து பாருங்க" என்றார்.

"அன்னிக்கும் இதே மாதிரிதான் சொன்னீங்க, தம்பி."

சாவிக்கடையில் அரம் ராவும் சத்தம் நின்றுவிட்டது. டாக்டர் டிஸ்கைக் கணினியிலிருந்து பிடுங்கி மேசைமேல் வைத்தார். நட்சத்திர முனையுள்ள சின்னத் திருப்புளியைத் தேடியெடுத்து, கைப்பிடி ஆசிரியை பக்கம் இருக்கும்படி நீட்டினார். மூடியைத் திறந்தால் உள்ளே பளபளப்பான தகடு இருக்கும், அதைச் சுரண்டிவிட்டால் பிறகு எவராலும் எதையும் எடுக்க முடியாது என்றார். தம் நாற்காலியை விட்டு எழுந்து சுவரோரம் ஒதுங்கி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

ஆசிரியை பையை இறக்கி வைத்துவிட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். முதல் திருகாணி சுழன்று வந்தது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவது இறுகிக் கிடந்தது. திருப்புளி வழுக்கி, அவர் கட்டைவிரலைக் கீறியது. டாக்டரின் வலது கை தானாகவே முன்னால் வந்தது. பாதி வழியில் நின்றது. அதை இழுத்து மறுபடியும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.