‘டா’ போட வராத வில்லன்

என் அண்ணனுக்கு யாரையும் ஒருமையில் பேச வராது. கடைக்காரர், கண்டக்டர், விலாசம் கேட்டு வரும் பொடியன், எல்லாருக்கும் ‘வாங்க, போங்க’தான். ஒருமுறை மாடிப்படியில் குறுக்கே படுத்திருந்த தெருநாயிடம், “கொஞ்சம் வழி விடுங்க” என்று சொல்லிவிட்டு, அது எழுந்திருக்கும்வரை நின்றதை நானே பார்த்திருக்கிறேன். ஆள் என்னவோ கதவு அளவுக்கு இருப்பார். பகலில் பீரோ பட்டறையில் வேலை. இரண்டு பேர் சேர்ந்து தூக்கும் பீரோவைத் தனியாக முதுகில் ஏற்றிக்கொண்டு படியேறுவார். சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் கறுப்பு உடையை மாட்டிக்கொண்டு மல்யுத்த மேடையில் வில்லனாக ஏறுவார். கடவுள் கொடுத்த உடம்புக்கும் வாய்க்கும் சம்பந்தமே இல்லை.

அந்த மேடையில் கதாநாயகன் யாரென்றால், என் வீட்டுக்காரர். நடுவில் நின்று முடியைக் கோதினாலே போதும், கைதட்டல் கூரையைப் பிய்க்கும். அவருடைய வெள்ளி நிற உடைக்குச் சம்கி வைத்துத் தைத்து என் கண் போனதுதான் மிச்சம். தலைமுடியைக் கோதுவதற்கெல்லாமா கைதட்டுவார்கள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வீட்டில் அதே மனிதர் சீப்பு எங்கே என்று என்னைத்தான் கூப்பிடுவார்.

யார் ஜெயிப்பது என்பது முன்கூட்டியே பேசி வைத்ததுதான். பார்க்க வருகிறவர்களுக்கும் அது தெரியும், யாரும் அதைப் பெரிதுபடுத்துவதில்லை. ஆனால் விழுவது நிஜம். தலைக்கு மேல் தூக்கிப் போடும்போது, போடுகிறவர் கடைசி நொடியில் தோளுக்கு அடியில் கை கொடுக்காவிட்டால் விழுகிறவர் கழுத்து போய்விடும். அண்ணன் ஒருமுறைகூடக் கை கொடுக்கத் தவறியதில்லை. ஆனால் அதற்கெல்லாம் யார் கைதட்டப்போகிறார்கள்?

காட்சியை நடத்துகிறவரை மேனேஜர் என்றுதான் எல்லாரும் சொல்வோம். சுவரொட்டியில் யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே என்பதெல்லாம் அவர் முடிவு. ஒருநாள் அண்ணனைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். நான் பக்கத்தில் கிழிந்த உடைக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன்.

“உங்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. நல்லாத் தூக்குறீங்க, நல்லா விழுறீங்க. ஆனா போன வாரம் வெளிய போறவங்கள நிறுத்தி, இன்னைக்கு வில்லன் யாருன்னு கேட்டேன். ஒருத்தர் ‘யாரோ ஒரு பெரிய ஆளு’ங்கிறாரு. இன்னொருத்தர் ‘வில்லன்னு ஒருத்தர் இருந்தாரா?’ங்கிறாரு.”

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

“பலம் இங்க எல்லாருக்கும்தான் இருக்கு. ஜனங்க வீட்டுக்குப் போய்ச் சாப்பிடும்போது உங்களப் பத்திப் பேசணும். அதுக்கு ஒண்ணு, உங்கள ரொம்பப் பிடிக்கணும். இல்ல, கண்டாலே பத்திக்கிட்டு எரியணும். ரெண்டுமில்லாம நடுவுல நின்னா எப்படி? இந்தச் சனிக்கிழமை மைக்க உங்க கையில தர்றேன். எதிராளிய ‘டேய்’னு கூப்பிட்டு, நாக்கப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேளுங்க. இதுவும் எடுபடலேன்னா, அடுத்த வாரத்துலேருந்து மேடைக்குக் கயிறு கட்டுற வேலைக்கு வந்துடுங்க.”

அண்ணனுக்கு இதைத் தவிர வேறு ஆசையே கிடையாது. கல்யாணம்கூட வேண்டாமென்று எங்கள் வீட்டு மாடி அறையில் இருந்துவிட்டவர். வாரம் முழுக்கத் தகரத்தைத் தட்டுவதே சனிக்கிழமை வரும் என்பதற்காகத்தான். அன்று வீடு வந்ததும் நேராக மாடியேறிப் போய்விட்டார்.

மறுநாள் சமையலறையில் ஒத்திகை வைத்தோம். என் வீட்டுக்காரர் அடுப்புப் பக்கம், அண்ணன் ஃப்ரிட்ஜ் பக்கம். கரண்டிதான் மைக்.

“சும்மா திட்டுங்க மச்சான், நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்” என்றார் இவர்.

அண்ணன் மூச்சை இழுத்தார். நெஞ்சு இரண்டு மடங்கானது. “டே...” என்றார். நாங்கள் இருவரும் ஆவலோடு காத்திருந்தோம்.

“டே... டேபிளக் கொஞ்சம் நகத்துங்க மாப்ள, இடிக்குது.”

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. “என்னண்ணே கூத்து இது? ஒரு எழுத்து, அது வரமாட்டேங்குதா?”

“எப்படிம்மா வரும்? உன் கையப் பிடிச்சு அவர் கையில குடுத்தவன் நான். தங்கச்சி வீட்டுக்காரரப் போய் டா போட்டா நாக்கு அழுகிடாதா?”

“மேடையில அவரு எதிரிண்ணே!”

“கீழ இறங்கினா மாப்ளதானே?”

அடுத்த நாள் காலை குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகக் கத்திப் பார்த்தார். வழுக்கி விழுந்துவிட்டாரோ என்று பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்து கதவைத் தட்ட, உள்ளிருந்தே “தொந்தரவு குடுத்துட்டேன், மன்னிச்சுக்கோங்க” என்றார்.

சனிக்கிழமை வந்தது. அரங்கம் நிறைந்திருந்தது. நான் உடை மாற்றும் அறைக்கு வெளியே, திரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேனேஜர் மைக்கை நீட்டினார். அண்ணன் அதை வாங்கி, எதிர் மூலையில் நின்ற என் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

“மாப்ள...” என்றார். அரங்கம் முழுக்கக் கேட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டார். சொன்னது சொன்னதுதானே. “...வாங்க” என்று முடித்தார்.

முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார். அண்ணனுக்கு வேர்த்துக் கொட்டியது. அடுத்து என்ன சொல்வதென்று தெரியாமல், மனப்பாடம் செய்து வைத்திருந்த மிரட்டலைத் தன் பாணியிலேயே சொல்லிவிட்டார்: “உங்க இடுப்பெலும்ப உடைக்கலாம்னு இருக்கேன். தப்பா நினைச்சுக்காதீங்க.”

அரங்கமே கொல்லென்று சிரித்தது. மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். அந்தச் சிரிப்பு ஒவ்வொன்றும் என் மேல் விழுந்த மாதிரி இருந்தது. திரைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, இனி அண்ணனுக்குக் கயிறு கட்டும் வேலைதான் என்று நினைத்தேன்.

என் வீட்டுக்காரர் அந்த நேரத்தில் முடியைக் கோதிக்கொண்டு கேலியாக ஒரு வார்த்தை விட்டிருந்தால் போதும். சிரிப்பு மொத்தமும் அவர் கணக்கில் சேர்ந்திருக்கும், அண்ணன் அதோடு காலி. வார்த்தைக்குப் பஞ்சமே இல்லாத வாய் அது. ஆனால் அவர் பேசவில்லை. ஓரடி பின்னால் போனார். இன்னும் ஓரடி. முதுகு கயிற்றில் முட்டியது. கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டு, “வேண்டாம் மச்சான்” என்றார்.

அவர் பயந்து யாரும் பார்த்ததில்லை. சிரிப்பு பாதியில் நின்றது. ஒரு ஆள் எவ்வளவு பயங்கரமானவர் என்பதை எதிரில் நிற்பவர் முகத்தைப் பார்த்துத்தான் ஜனங்கள் தெரிந்துகொள்கிறார்கள். அண்ணனுக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை. மாப்பிள்ளைக்கு நிஜமாகவே உடம்பு சரியில்லையோ என்று பதறி, “பயப்படாதீங்க, சீக்கிரம் முடிச்சிடலாம்” என்று ஆறுதல் சொன்னார். அந்த ஆறுதலை ஒலிபெருக்கியில் கேட்டபோது எனக்கே முதுகு சில்லிட்டது.

மைக்கை இடுப்பில் செருகிக்கொண்டு மெதுவாக நடந்து போனார். தூக்கினார். “கொஞ்சம் பொறுத்துக்கோங்க” என்றார். போட்டார். பலகை அதிர, அரங்கம் மொத்தமும் எழுந்து நின்றது. பாதிப் பேர் திட்டினார்கள், பாதிப் பேர் விசிலடித்தார்கள். பேசி வைத்தபடி கடைசியில் ஜெயித்தது என் வீட்டுக்காரர்தான். அதை யார் கவனித்தார்கள்? வெளியே சைக்கிள் எடுக்கும் இடத்தில் முன்பின் தெரியாதவர்கள்கூட ஒருவரையொருவர் பார்த்து, “வாங்க, தப்பா நினைச்சுக்காதீங்க” என்று சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த வாரச் சுவரொட்டியில் அண்ணன் பெயர் உச்சியில், கை அகலத்துக்கு இருந்தது. என் வீட்டுக்காரர் பெயர் அதற்குக் கீழே, சின்ன எழுத்தில். நான் சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் அண்ணன் அதைச் சுருட்டிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார். முகம் செத்துப்போயிருந்தது.

“மாப்ள, இது சரியில்ல. உங்க பேருக்கு மேல என் பேரா? மேனேஜரப் பாத்து மாத்தச் சொல்லிட்டு வர்றேன்.”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, அண்ணன் என்றுகூடப் பார்க்காமல் கத்தினேன். “உனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு? வராம வந்தத யாராவது திருப்பிக் குடுப்பாங்களா?”

அவர் செருப்பை மாட்டத் தொடங்கிவிட்டார். என் வீட்டுக்காரர் எழுந்துபோய் அவர் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

“மேனேஜர் என் பேரத்தான் மேல எழுதி வச்சிருந்தாரு மச்சான். மாத்தச் சொன்னதே நான்தான்.”

அண்ணன் நம்பாமல் அவரையே பார்த்தார்.

“எனக்குக் கைதட்டு பழகிப்போச்சு. உங்களுக்கு யாரும் தட்டி நான் கேட்டதே இல்ல. ஒவ்வொரு வாரமும் வீட்டுக்கு உங்க பக்கத்துலதான் நடந்து வர்றேன். எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நினைக்கிறீங்க?”

அண்ணன் ஒரு செருப்போடு அப்படியே வாசல்படியில் உட்கார்ந்தார். அவ்வளவு பெரிய உடம்பு குலுங்கிக் குலுங்கி அழுவதை அன்றுதான் பார்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்த என் வீட்டுக்காரர், அவர் அழுது முடிக்கும்வரை அவர் முதுகிலிருந்து கையை எடுக்கவில்லை.