பன்னிரண்டு நாள் அசையாத செருப்பு

பொபினியிலிருந்து ஸ்டாலின்கிராட் நிலையம்வரை பிரெஞ்சு மெட்ரோவில் எட்டுத் தரிப்பு. மாறி ஏறினால் லாச்சப்பலுக்கு இன்னும் ஒன்று. மகளின் மளிகைக் கடைக்கு நாள்தோறும் இப்படித்தான் வருகிறேன். அங்கே உட்கார எனக்கென்று ஒரு கதிரை உண்டு. அது ஓரிடத்தில் இருப்பதில்லை. திங்கள் அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில், செவ்வாய் உள்ளறைத் திரைக்குப் பின்னால், புதன் வாசலில். வாசலில் குளிர்காற்று. முறையிட்டால், "இண்டைக்கு மட்டும் இருங்கோ அப்பா" என்பாள். இந்த மாதம் ஒன்பது தடவை சொல்லிவிட்டாள்.

நேற்று புறநகர் ஸ்தேனிலிருந்து மரக்கறி கொண்டுவந்தவரின் குரல் திரைக்குப் பின்னால் இருந்த எனக்கும் கேட்டது.

"முதலாளி எங்கை பிள்ளை?"

"நான்தான் அண்ணை."

"அது சரி, விலை பேச ஆம்பிளை ஆரும் இல்லையோ?"

"அப்பாட்டைக் கேட்டுச் சொல்லுறன்."

உள்ளே வந்தாள். தண்ணீர் குடித்தாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு வெளியே போய், "அப்பா அந்த விலைக்கு வேண்டாமாம்" என்றாள். அவர் உடனே விலையில் இறங்கி வந்தார்.

எனக்கு எட்டு வயதில், யாழ்ப்பாணத்தில், சின்னம்மா மிளகாய் அரைக்கும் மில் நடத்தினார். சித்தப்பாவுக்குக் கொழும்பில் வேலை. ஆண்டுக்கு இரண்டு முறைதான் வருவார். அவருடைய தோல் செருப்பு மட்டும் வாசற்படியிலேயே கிடக்கும். வெளியூர் வியாபாரி யாராவது பேரம் பேசினால் சின்னம்மா, "அவரைக் கேட்டுச் சொல்லுறன்" என்று உள்ளே போவார். நான் இருபதுவரை எண்ணுவதற்குள் பதிலோடு திரும்புவார்.

ஒருநாள், முன்பு சின்னச் சின்ன வேலை தந்து பார்த்திருந்த சாவகச்சேரி வியாபாரி ஒருவர் பதினொரு மூட்டை மிளகாய் இறக்கினார். சரியாக அரைத்துக் கொடுத்தால் ஆண்டு முழுவதும் அவருடைய வேலை சின்னம்மாவுக்குத்தான். விலை பேசும்போது சின்னம்மா வழக்கம்போல உள்ளே போனதும் வியாபாரி என்னிடம் கேட்டார்: "தம்பி, உள்ளை எத்தினை பேர் இருக்கினம்?"

எண்ணிக்கை கேட்டால் நான் சும்மா இருப்பேனா? "ஒருத்தரும் இல்லை. செருப்பு மட்டும்தான். பன்னிரண்டு நாளா அசையேல்லை."

"அப்ப இவ்வளவு நாளும் நான் பேசினது ஆரோடை?" என்றார் அவர், திரும்பி வந்த சின்னம்மாவிடம்.

"என்னோடைதான். விலை பிழையோ, தூள் பிழையோ?"

இரண்டும் பிழையில்லை என்றார். பதினொரு மூட்டையும் லொறியில் திரும்ப ஏறின.

சின்னம்மா என்னை அடிக்கவில்லை. "எண்ணத் தெரிஞ்ச பிள்ளை நீ. இனி ஒவ்வொரு நாளும் விடிய அந்தச் செருப்பை இடம் மாத்தி வை" என்றார். மாற்றி வைத்தேன். ஒருநாள் கிணற்றடியில், ஒருநாள் ஒன்றைக் கவிழ்த்து. வேறு வியாபாரிகள் வந்தார்கள், மில் ஓடியது. வாயை விட்டதற்கு இது தண்டனை என்றே நினைத்தேன். சின்னம்மா என்னையும் தொழிலில் சேர்த்துக்கொண்டார் என்பது அந்த எட்டு வயதுக்கு விளங்கவில்லை.

இன்று காலை மகள் கதிரையை வாசலுக்கு இழுத்தாள். சால்வையை இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, ஒரு சொல்லும் முறையிடாமல் போய் உட்கார்ந்தேன்.