ஆணி அடிக்க யாரைக் கேட்பது

இலங்கையின் தென்கரையில், காலி நகரத்தில், கடற்காற்று எதையும் விட்டுவைக்காது. பூட்டைத் தின்னும், சைக்கிள் சங்கிலியைத் தின்னும், கொடியில் காய்கிற துணியைப் பிசுபிசுக்க வைக்கும். அப்படியிருந்தும் அந்த ஊரைப் பற்றி யாராவது குறை சொன்னால் எனக்கு இன்றும் கோபம் வரும். குறை சொல்லும் உரிமை அங்கே குடியிருந்தவர்களுக்கு மட்டும்தான், அதுவும் என் காதில் விழாமல்.

நான் ஓப்பநாயக்கவுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடொன்றில், பிறந்தவள். தொண்ணூறுகளின் நடுவில் காலிக் கோட்டைக்குள் இருந்த ஒரு தமிழ்மொழிப் பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியையாக வந்தேன். என் கணவர் நிவித்திகலப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. ஊரிலிருந்த பழைய கல்லூரி ஒன்றின் விஞ்ஞானக் கூடத்தில் அவருக்கு வேலை. இரண்டு பேரும் மழையில் ஊறி வளர்ந்தவர்கள். கடலை முதன்முதலில் கிட்டப் பார்த்தபோது அவர் கொஞ்ச நேரம் பேசவேயில்லை. அவர் வாய் மூடியிருந்து நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

அது கல்லூரிகளின் ஊர். காலையில் ஒரு குன்றிலிருந்து மணி அடிக்கும். அது ஓய்வதற்குள் வேறொரு பக்கத்திலிருந்து இன்னொன்று அடிக்கும். பஸ்ஸெல்லாம் வெள்ளைச் சீருடை. மீன் விற்கிறவர் தராசைத் தூக்கிப் பிடித்தபடியே தன் மகளின் சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேற்றைச் சொல்லுவார். கேட்டுப் பாராட்டாவிட்டால் மீன் நல்லதாக வராது. பின்னேரம் கோட்டை மதிலில் ஏறி நின்றால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மைதானத்தில் கிரிக்கெட். பரீட்சைக் காலத்தில் பையன்கள் அந்த மதில்மேல் நடந்து நடந்து சத்தம் போட்டுப் படிப்பார்கள். எங்கள் தோட்டத்தில் படிக்கிற பிள்ளை ஒளிந்துதான் படிக்க வேண்டும். கண்ணில் பட்டால் குடத்தைக் கையில் கொடுத்துத் தண்ணீருக்கு அனுப்பிவிடுவார்கள். படிப்பை இப்படி வெட்டவெளியில் வைத்துக் கொண்டாடும் ஊரைக் கண்டு எனக்கு மனசு நிறைந்துபோனது.

கல்லூரிக் குன்றுக்குப் பின்னால் ஒரு சந்தில், ஓய்வுபெற்ற சிங்கள ஆசிரியை ஒருவரின் காணிக்குள் இருந்த சிறிய பின்வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். கணவர் இறந்தபின் முன்வீட்டில் தனியாக இருந்தவர். அது யுத்தக் காலம். தமிழ் ஆட்கள் எங்கே தங்கினாலும் பொலிஸில் பதிய வேண்டும். முதல் தடவை டீச்சரே எங்களோடு வந்தார். "இவங்க என் வீட்டு ஆட்கள்" என்று அங்கிருந்த பொலிஸ்காரரிடம் சொல்லிவிட்டு, அவருடைய மகன் எந்தப் பள்ளிக்கூடம், கணக்கு எப்படிப் போடுகிறான் என்று விசாரிக்கத் தொடங்கினார். பொலிஸ்காரர் எழுந்து நின்று பதில் சொன்னார். அன்றைக்கே டீச்சரின் பக்தையாகிவிட்டேன்.

சொந்த வீட்டு ஆசை எங்களுக்கு எப்படித் தொற்றியதென்று தெரியவில்லை. தோட்டத்தில் வீடு என்பது வேலையோடு ஒட்டிக்கொண்டு வருவது. லயத்தில் ஒரு காம்பரா, அந்த ஒற்றை அறை, வேண்டுமென்றால் குடும்பத்தில் ஒருவர் ஆபீசில் பேர் பதிந்து வேலைக்குப் போக வேண்டும். அவர் வேலையை விட்டால் இன்னொருவர் பேர் பதிய வேண்டும். ஆளில்லையென்றால் காம்பராவை விட்டு இறங்க வேண்டும். கூரை ஒழுகினால் ஆபீசில் போய் நிற்க வேண்டும். சுவரில் ஓட்டை போட, வேலை மேற்பார்க்கிற கணக்கப்பிள்ளையைக் கேட்க வேண்டும். விலைக்கு வாங்குகிற பொருள்களில் வீடும் ஒன்று என்பது எங்கள் ஆட்களில் பலருக்குத் தோன்றியதே இல்லை.

தரகர் ஒருவர் எங்களை அழைத்துக்கொண்டு அலைந்தார். எங்கள் சிங்களத்தைக் கேட்டு எல்லாரும் சிரித்த முகத்தோடு கதவைத் திறப்பார்கள். பெயரைக் கேட்டதும் வீடு நேற்றுத்தான் விலைபோயிருக்கும். எத்தனை வீடுகள் அப்படி நேற்றே விலைபோயின! நான் பொறுமைசாலி அல்ல. ஒருநாள் டீச்சர் முன்னால் உட்கார்ந்து பொரிந்து தள்ளினேன். கீரை ஆய்ந்துகொண்டே முழுவதையும் கேட்டவர், "அப்ப இதையே வாங்கிக்கங்களேன்" என்றார். பின்வீட்டைத்தான் சொன்னார். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள், திரும்பி வரமாட்டார்கள், பக்கத்தில் தெரிந்த முகங்கள் இருந்தால் போதும் என்றார். வங்கிக் கடனும் என் நகைகளும் சேர்ந்து வேலையை முடித்தன. வீட்டு உறுதிப் பத்திரம் எழுதிய அன்று டீச்சர் எங்களுக்குப் பாற்சோறு சமைத்துத் தந்தார்.

அதற்குப் பிறகுதான் எங்கள் வண்டவாளம் வெளியே வந்தது.

அடுப்படி இருட்டாக இருந்தது. கடல் பக்கம் ஒரு ஜன்னல் வைத்தால் நல்லது என்று தோன்றியது. உடனே என் கணவர் சட்டையை மாட்டிக்கொண்டு முன்வீட்டுக்குப் போய், ஜன்னல் வைக்கலாமா என்று டீச்சரிடம் கேட்டார். அவர் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். அடுத்த வாரம் சுவருக்கு மஞ்சள் பூசலாமா என்று நான் போய்க் கேட்டேன். இந்தத் தடவை டீச்சர் சிரிக்கவில்லை. வாசல் தென்னையின் காய்ந்த ஓலையை வெட்டலாமா என்று இவர் மறுபடி போய் நின்றபோது டீச்சருக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏக ஒயாலகே கெதரனே!" என்றார். அது உங்கள் வீடுதானே! "இனிமே கேட்டுக்கிட்டு வந்தீங்கன்னா கதவத் திறக்கமாட்டேன்."

தலையாட்டிவிட்டு வந்தோம். புத்திக்குப் புரிந்தது. காலுக்குத்தான் புரியவில்லை. எதையாவது தொடுவதற்கு முன்னால் அது தானாகவே முன்வீட்டுப் பக்கம் நடந்தது.

அந்தச் சமயத்தில் தோட்டத்தில் அம்மாவின் வேலைக்காலம் முடிய வந்தது. அப்பா முன்பே தவறிவிட்டார். காம்பராவில் அம்மா மட்டும்தான். என் தம்பி எம்பிலிப்பிட்டியவில் மோட்டார்சைக்கிள் திருத்தும் கடையொன்றில் இருந்தான். முதலாளி அவனை நம்பிக் கடையை ஒப்படைத்துவிட்டு ஊருக்குப் போகிற அளவுக்குக் கெட்டிக்காரனாகியிருந்தான். அம்மா அதே காம்பராவில் இருப்பதென்றால் அவன் அதையெல்லாம் விட்டுவிட்டு வந்து தோட்டத்தில் பேர் பதிய வேண்டும். அம்மா எங்களோடு வந்துவிட்டால் அவன் தப்பினான். எனக்கு அதுவே நினைப்பாக இருந்தது. எங்கள் குடும்பத்தில் தோட்டத்துக்கு வெளியே தன் கைவேலையால் பிழைக்கிற முதல் ஆண்பிள்ளை அவன்.

அம்மா வீட்டைப் பார்க்க வந்தார். தரையை மிதித்துப் பார்த்தார், சுவரைத் தட்டிப் பார்த்தார். நான் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, "இந்தத் தூள எங்க தோட்டத்துல கூட்டித்தான் தள்ளுவாங்க" என்றார். பிறகு, "ஒனக்கு நாளைக்கு டிரான்ஸ்பர் குடுத்தா இந்த வீட்ட யாருக்குக் குடுப்பாங்க?" என்று கேட்டார்.

"யாருக்கும் குடுக்கமாட்டாங்கம்மா. இது நம்ம வீடு. வாங்கியாச்சி."

"நம்மளுதுன்னு யாரு சொன்னா?"

உறுதியை எடுத்துக் காட்டினேன். கையில் வாங்காமலே பார்த்தார். "பேப்பருதானே புள்ள. எங்க சித்தப்பா கையில இல்லாத பேப்பரா? கப்பல் ஏத்தி அனுப்பலையா?"

பிரஜாவுரிமை இல்லையென்று தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்குக் கப்பலேற்றிய காலத்தைச் சொன்னார். இருந்தாலும் வீடு அவருக்குப் பிடித்திருக்கிறது என்று தெரிந்தது. கிணற்றடியில் வேண்டுமென்றே நெடுநேரம் குளித்தார். லயத்துப் பொதுத் தண்ணீர்ப் பீலியில் வரிசை நிற்காமல் குளிப்பது அவருக்குப் புதுசு. இரண்டாம் நாள் காலையில், முருகன் படம் தரையில் சுவரோடு சாய்த்து வைத்திருப்பதைக் கண்டார்.

"ஏன் மாப்ள, சாமி கீழ இருக்காரு?"

என் கணவர் வெள்ளந்தி. "டீச்சர் பன்சலைக்கு புத்தரக் கும்பிடப் போயிருக்காங்க அத்த. வந்ததும் ஒரு வார்த்த கேட்டுட்டு ஆணி அடிச்சிரலாம்னு..."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. அதுதான் பொறுக்க முடியாமல் இருந்தது.

"லயத்துல கணக்கப்புள்ளயக் கேட்டோம். நீங்க இங்க டீச்சரக் கேக்குறீங்க. அவங்க நல்லவங்களா இருக்காங்க, அவ்வளவுதான். நான் போறேன் புள்ள. அங்க காம்பராவாச்சும் எனக்குப் பழகுனது."

மறுநாள் முதல் பஸ்ஸில் போய்விட்டார். தம்பிக்கு ஆள் அனுப்பி, மாதக் கடைசியில் வந்து பேர் பதியச் சொல்லியிருக்கிறார் என்று பிறகு கேள்விப்பட்டேன். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. சுத்தியலை எடுத்தேன். முருகனுக்கு ஓர் ஆணி அடித்தேன். அது போதவில்லை. ஒவ்வொரு சுவரிலும் அடித்தேன். மாட்டுவதற்கு ஒன்றுமில்லாத ஆணிகள். மறுவாரம் கொத்தனாரை வரவழைத்து, யாரையும் கேட்காமல் அடுப்படிச் சுவரை உடைத்து ஜன்னல் வைத்தோம். சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த டீச்சர் கொத்தனாருக்குத் தேத்தண்ணி அனுப்பினார். அம்மா வந்து போன கதையை அன்று அவரிடம் சொன்னேன். "ம்" என்றார், அவ்வளவுதான்.

தோட்டத்துக்குப் போய் அம்மாவோடு சண்டை பிடித்தேன்.

"அவன் கடைய வுட்டுட்டு வந்து தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டணுமா?"

"தலைக்கு மேல கூர வேணாமா?"

"ஒரு கிழம வந்து இருங்க. பொறகும் பிடிக்கலன்னா அவன் பதியட்டும், நான் வாயத் தொறக்கமாட்டேன்."

நான் வாயைத் திறக்கமாட்டேன் என்று சொன்னதில் ஆச்சரியப்பட்டுத்தான் அம்மா வந்திருக்க வேண்டும்.

புது ஜன்னலைப் பார்த்தார், ஆணிகளைப் பார்த்தார். நாட்கள் போயின. பெட்டியை அவிழ்க்காமல் அதிலிருந்தே துணி எடுத்து உடுத்தினார். சனிக்கிழமை காலை, மாதக் கடைசிக்குக் கிட்டத்தில், அம்மா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே வினாத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். டீச்சர் ஒரு கூடையோடு வந்து எங்கள் வேலிக் கதவாக இருந்த படலைக்கு வெளியே நின்றார்.

எங்கள் கொல்லையில் ஒரு தேசி மரம், எலுமிச்சைதான், உண்டு. டீச்சர் கையால் வைத்தது. ஆண்டாண்டாக அதில் காய் பறித்து உப்பிட்டு வெயிலில் வைப்பவர் அவர். நாங்கள் வாடகைக்கு இருந்த காலத்தில் அடுப்படி வழியாக நேரே நுழைந்து பறித்துக்கொண்டு போவார். இப்போது படலையைக்கூடத் தொடாமல் நின்றார்.

"தெஹி டிகக் கடாகன்னத அம்மே?" என்று கேட்டார். கொஞ்சம் தேசிக்காய் பறித்துக்கொள்ளட்டுமா என்று, என்னை அல்ல, அம்மாவைக் கேட்டார்.

அம்மாவின் கை சுளகில் நின்றது. மரத்தைப் பார்த்தார். டீச்சரைப் பார்த்தார். சாயம் போன சேலையைத் தோளில் இழுத்து விட்டுக்கொண்டு எழுந்தார்.

"அத பேஹே, நோனா" என்றார். இன்றைக்கு முடியாது.

பேனாவை எறிந்துவிட்டு ஓடினேன். பொலிஸில் எங்களுக்காக நின்ற மனுஷி, அவர் நட்ட மரம்! ஆனால் டீச்சரின் முகம் கொஞ்சமும் மாறவில்லை. "ஹரி அம்மே, ஹெட்ட என்னங்" என்று, நாளைக்கு வருவதாகச் சொல்லிவிட்டு, வெறுங்கூடையோடு திரும்பி நடந்தார்.

அம்மா அவர் தன் வீட்டுக்குள் நுழையும் வரை பார்த்துக்கொண்டே நின்றார்.

"போயிட்டாங்களா?" என்றார், தன் கண்ணையே நம்பாதவர் போல.

"போயிட்டாங்க. ஏம்மா அப்படிச் சொன்னீங்க?"

"சொல்லிப் பாத்தேன்" என்றார் அம்மா. "என் ஆயுசுல யாருக்கும் சொன்னதில்ல புள்ள."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா அழவில்லை. மறுபடி உட்கார்ந்து அரிசியைப் புடைத்தார், ஆனால் அன்றைக்கு முழுவதும் முன்வீட்டுப் பக்கமே பார்வை. கோபித்துக்கொண்டிருப்பார்களோ, ஆட்களை அனுப்புவார்களோ, ஏதாவது சொல்லி அனுப்புவார்களோ என்று. யாரும் வரவில்லை. ஒன்றும் நடக்கவில்லை.

மறுநாள் காலையில் டீச்சர் வந்தார். அதே கூடை. படலைக்கு வெளியே அதே இடத்தில் நின்று, நேற்றுக் கேட்காதவர் போல அதே கேள்வியைக் கேட்டார். அந்த மனுஷியை அந்த நிமிஷம் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது.

அம்மா தானே போய்ப் படலையைத் திறந்துவிட்டார். "கடாகன்ன நோனா, கடாகன்ன" என்று, பறித்துக்கொள்ளச் சொல்லி மரத்தடிக்கு அழைத்துப் போனார். கிளையை வளைத்துப் பிடித்துக்கொண்டு, அங்கிருந்தே எனக்குச் சத்தம் போட்டார்.

"கடைக்குப் போயி தம்பிக்கு போன் போடு புள்ள. பேரு பதிய ஆபீசுக்குப் போவ வேணாம்னு சொல்லு. அந்தக் காம்பராவ அவங்களே வச்சிக்கட்டும்."